பேட்டரியை இணைக்கும் முன் கணக்கைப் பார்ப்போம்

(கீழ்பென்னாத்தூரில் மஃரிப் தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை சார்பில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)





இந்தக் கூட்டத்தில் நாம் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ முகாம், முதியோர் உதவித்தொகை பற்றித்தான் பேசுவோம். இந்த முறை இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், "அது எலக்ட்ரீசியன் பார்க்கிற வேலையாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாங்களும் அப்படி நினைத்துத்தான் ஒரு தவறு செய்தோம். உங்கள் பணத்தில் செய்த தவறு அது. அதை உங்களிடம் சொல்லாமல் மறைப்பது அமானிதத்துக்குப் பொருந்தாது. ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பிறகு அது ஏன் நடந்தது என்பதைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, மக்கள் தந்த நன்கொடையில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வைத்தோம். நோய் தணிந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. நுரையீரல் பலவீனமானவர்கள் வீட்டுக்கு இரவல் போய்க்கொண்டே இருக்கிறது. அப்படி நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஐந்து வருடம் ஆன ஒரு பேட்டரியும் ஓர் இன்வெர்ட்டரும் உண்டு. "கரண்ட் போனால் மெஷின் ஒரு மணி நேரம்கூட முழுசாக ஓடுவதில்லை, உதவி செய்யுங்கள்" என்று வீட்டார் கேட்டார்கள்.

நாங்கள் புதிதாக 150 ஏஎச் பேட்டரி ஒன்றை வாங்கி, பழையதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து இணைத்துக் கொடுத்தோம். காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது. 150-உம் 150-உம் 300. ஆறு மணி நேரம் தாங்கும், இரவு முழுக்கக் கவலையில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். பெரியவரின் வீட்டார் துஆ செய்து அனுப்பினார்கள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு மழை இரவில், இஷா முடிந்த கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் இன்வெர்ட்டர் கூவி நின்றுவிட்டது. மூச்சுத் திணறலோடு பெரியவரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார், இன்றும் நலமாக இருக்கிறார். அந்தக் குடும்பம் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாகச் சுட்டது.

பிறகு விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துச் சோதித்தபோது, பழைய பேட்டரியில் ஒரு செல் ஏற்கெனவே செத்திருந்தது தெரிந்தது. அதோடு சேர்ந்து எங்கள் புதிய பேட்டரியும் கெட்டிருந்தது. எலக்ட்ரீசியன் மேல் பழி போட எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் அவர் செய்தார். கேட்க வேண்டிய கேள்விகளை நாங்கள்தான் கேட்கவில்லை.

மூன்று எண்கள்

பேட்டரியைப் பற்றி மூன்று எண்கள் தெரிந்தால் போதும். முதலாவது வோல்ட். மின்சாரத்தைத் தள்ளும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி. எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற அளவு. 150 ஏஎச் என்றால், நிதானமாக எடுத்தால் 15 ஆம்பியரைச் சுமார் 10 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள்.

மூன்றாவது எண் பேட்டரியின் மேல் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. ஆனால் அதுதான் உண்மையான சரக்கு: வாட்-மணி. வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கினால் அது கிடைக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 12 × 150 = 1800 வாட்-மணி.

இது எவ்வளவு என்று புரிய, உங்கள் மின்கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆக, பதினைந்தாயிரம் ரூபாய் முன்பின் கொடுத்து, இருவர் சேர்ந்து தூக்கி வந்து வைக்கிற அந்தப் பேட்டரிக்குள் இருப்பது 1.8 யூனிட் மின்சாரம். அதையும் முழுக்க எடுக்க முடியாது. அடிவரை காலி செய்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பமாக வீணாக்கும். நல்ல புதிய பேட்டரியிலிருந்தும் கைக்குக் கிடைப்பது 1100, 1200 வாட்-மணிதான்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கிறது. 1200-ஐ 350-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு புதிய பேட்டரியின் திராணி அவ்வளவுதான். அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை என்று சொன்னபோதே எங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பழைய பேட்டரியிடம் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் மேல் ஒட்டியிருந்த 150 என்ற எண், அது புதிதாக வந்த நாளின் கணக்கு. ஐந்து வருடம் கழித்தும் நாங்கள் அந்த எண்ணையே நம்பிக் கூட்டினோம்.

சித்தாள் கணக்கு

இனி, இரண்டு பேட்டரிகளை எப்படி இணைக்கலாம் என்று பார்ப்போம். வழி இரண்டுதான். ஒன்று, முதல் பேட்டரியின் பிளஸ்ஸை இரண்டாவதன் மைனஸ்ஸோடு சேர்ப்பது. பள்ளிப் புத்தகத்தில் இதைத் தொடர் இணைப்பு என்பார்கள், எலக்ட்ரீசியன்கள் சீரிஸ் என்பார்கள். மற்றொன்று, பிளஸ்ஸோடு பிளஸ்ஸையும் மைனஸ்ஸோடு மைனஸ்ஸையும் சேர்ப்பது. இது பக்க இணைப்பு, அதாவது பேரலல்.

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சித்தாள்கள் செங்கல் சுமக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாளில் 150 கல்லை ஒரு மாடி ஏற்ற முடியும்.

முதல் ஏற்பாடு: ஒருவர் தரையிலிருந்து முதல் மாடிக்கு ஏற்றுகிறார். அங்கிருந்து மற்றவர் வாங்கி இரண்டாம் மாடிக்கு ஏற்றுகிறார். நாள் முடிவில் இரண்டாம் மாடியில் இருப்பது 150 கல்தான். ஆனால் உயரம் இரண்டு மடங்கு. இதுதான் சீரிஸ். வோல்ட் கூடும், ஏஎச் கூடாது. 12-உம் 12-உம் 24 வோல்ட். ஏஎச் அதே 150.

இரண்டாவது ஏற்பாடு: இருவரும் தரையிலிருந்து முதல் மாடிக்கே ஏற்றுகிறார்கள். நாள் முடிவில் முதல் மாடியில் 300 கல் இருக்கும். உயரம் ஒரு மாடிதான். இதுதான் பேரலல். ஏஎச் கூடும், வோல்ட் கூடாது. அதே 12 வோல்ட், ஏஎச் 300.

இப்போது சொல்லுங்கள், எந்த ஏற்பாட்டில் அதிக வேலை நடந்தது? இரண்டிலும் ஒரே அளவுதான். பேட்டரியும் அப்படியே. சீரிஸில் 24 × 150 = 3600. பேரலலில் 12 × 300 = 3600. நான்கு பேட்டரி இருந்தால் எல்லாவற்றையும் சீரிஸில் போட்டு 48 வோல்ட், 150 ஏஎச் ஆக்கலாம். இரண்டிரண்டாகச் சேர்த்து 24 வோல்ட், 300 ஏஎச் ஆக்கலாம். எல்லாவற்றையும் பேரலலில் போட்டு 12 வோல்ட், 600 ஏஎச் ஆக்கலாம். எப்படிப் பெருக்கினாலும் 7200 வாட்-மணிதான். "சீரிஸில் மாற்றிக் கொடுத்தால் பேக்கப் இரண்டு மடங்காகும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒயரை மாற்றிப் போட்டதால் உள்ளே இருக்கும் சரக்கு ஒரு துளியும் கூடாது.

இந்த இரண்டு ஏற்பாடும் நமக்குப் புதிதல்ல. டார்ச் லைட்டில் 1.5 வோல்ட் செல் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோமே, அது சீரிஸ்; 3 வோல்ட். நாம் ஏறிப் போகிற பேருந்திலும் லாரியிலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. கரண்ட் இல்லாத நேரத்திலும் அந்தக் காலத்து லேண்ட்லைன் போன் மணி அடித்தது நினைவிருக்கிறதா? தொலைபேசி நிலையத்தில் இரண்டு வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாகச் சேர்த்து 48 வோல்ட் வைத்திருந்தார்கள். அவ்வளவு ஏன், உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் ஆறு மூடிகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு மூடிக்குக் கீழும் இரண்டு வோல்ட் செல் ஒன்று இருக்கிறது. ஆறும் உள்ளேயே சீரிஸில் சேர்ந்துதான் 12 வோல்ட் ஆகிறது. 1800-இல் இத்தாலி நாட்டு வோல்டா உலோகத் தகடுகளையும் உப்பு நீரில் நனைத்த துணியையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்த முதல் பேட்டரியும் இதே அடுக்குக் கணக்குதான். நாம் பயன்படுத்தும் ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்சு நாட்டு பிளாந்தே உருவாக்கினார்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

சரக்கு ஒன்றுதான் என்றால், ஏன் ஒருவர் சீரிஸ் போடுகிறார், ஒருவர் பேரலல் போடுகிறார்? முதல் காரணம், இன்வெர்ட்டர் எத்தனை வோல்ட் கேட்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். வீடுகளில் உள்ள சிறிய இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கு இரண்டு பேட்டரியைச் சீரிஸில் போட்டு 24 கொடுத்தால் இன்வெர்ட்டர் புகைந்துவிடும். 24 வோல்ட் இன்வெர்ட்டரை ஒரு பேட்டரியில் ஓட்டவும் முடியாது. இன்வெர்ட்டரின் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒயரைத் தொடக் கூடாது.

இரண்டாவது காரணம், ஒயரின் சூடு. அந்த 350 வாட் கான்சென்ட்ரேட்டரை 12 வோல்ட்டில் ஓட்டும்போது பேட்டரி ஒயரில் சுமார் 35 ஆம்பியர் ஓடுகிறது. 24 வோல்ட்டில் அதே வேலைக்கு 17, 18 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் அதே ஒயரில் சூடு கால் பங்காகக் குறைகிறது. பள்ளிவாசல், மதரஸா, மண்டபம் போன்ற பெரிய இடங்களில் 24, 48 வோல்ட் இன்வெர்ட்டர் வைப்பது இதனால்தான்.

பேரலலில் இணைக்கும்போது ஒரு சின்ன விஷயம் உண்டு. இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸ் ஒயரைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பேட்டரியிலிருந்து போனால், பக்கத்தில் இருப்பது அதிகம் உழைத்துச் சீக்கிரம் களைத்துவிடும். தள்ளி இருப்பது பாதி தூங்கும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனியாக ஒரு ஃபியூஸும் வேண்டும்.

நாங்கள் எங்கே தவறினோம்?

சித்தாள் கணக்குக்கே திரும்புவோம். சீரிஸில், கீழே நிற்பவர் திடகாத்திரமான வாலிபர், மேலே நிற்பவர் முழங்கால் வலிக்காரர் என்றால் என்ன ஆகும்? மேலே நிற்பவர் எத்தனை கல் ஏற்றுகிறாரோ அத்தனைதான் மாடிக்குப் போகும். 150 ஏஎச் ஒன்றையும் 100 ஏஎச் ஒன்றையும் சீரிஸில் போட்டால் 24 வோல்ட்டில் 100 ஏஎச்தான் கைக்கு வரும். இரண்டிலும் இருப்பது 3000 வாட்-மணி, கிடைப்பது 2400. மிச்சம் 600 பெரிய பேட்டரிக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். அதைவிட மோசம், சின்னது காலியான பிறகும் இழுத்தால் அதன் செல்கள் தலைகீழாகச் சார்ஜாகிக் கெட்டுவிடும். சார்ஜ் ஆகும்போதும் சின்னது முதலில் நிறைந்து கொதிக்கும். பெரியது அரைகுறையாக நிற்கும்.

பேரலலில் கதை வேறு. அங்கே இரண்டு பேட்டரியும் ஒரே மட்டத்துக்கு வந்தாக வேண்டும், கீழே குழாயால் இணைத்த இரண்டு தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஒரு தொட்டியில் ஓட்டை இருந்தால் இரண்டு தொட்டியும் வடியும். நல்ல பேட்டரி நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்துவிட்டால் மிச்சம் ஐந்து செல்தான், 10.5 வோல்ட் அளவில் நிற்கும். எங்கள் புதிய பேட்டரி இரவும் பகலும் அந்தப் பழையதுக்குள் தன் சரக்கைக் கொட்டிக்கொண்டே இருந்தது. சார்ஜர் எவ்வளவு அனுப்பினாலும் பழையது விழுங்கிச் சூடாக மாற்றியது. புதியது ஒரு நாளும் முழுக்க நிறையவே இல்லை. அரைகுறையாகவே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் உப்பு படிந்து இறுகிவிடும்; பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. எட்டு மாதத்தில் எங்கள் புதுப் பேட்டரி வீணானது இப்படித்தான்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. அந்த வீட்டு அம்மா, "பழசுக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது" என்று எங்களிடம் ஒரு முறை சொன்னார். "பழசு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொன்னோம். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு தவறும் செய்தோம். பேட்டரியைக் கூட்டினோம், அதை நிரப்பும் சார்ஜரைப் பார்க்கவில்லை. 150 ஏஎச் பேட்டரிக்குச் சுமார் 15 ஆம்பியர் சார்ஜ் வேண்டும். இரண்டு சேர்ந்தால் 30 வேண்டும். அந்தச் சிறிய இன்வெர்ட்டர் 15-க்கு மேல் தராது. ஒரு பேட்டரி நிறையும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். பகலில் பலமுறை மின்சாரம் போய் வரும் நாட்களில் இரண்டுமே நிறையாது. உண்டியலைப் பெரிதாக வாங்கிவிட்டால் பணம் கூடாது. போட்டால்தான் எடுக்க முடியும்.

பேட்டரிக்கு முன் செலவைக் குறையுங்கள்

2012-இல் சென்னைக்கு வெளியே தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் நுழைந்தது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாட்களும் புயல் மழை நாட்களும் இருக்கின்றன. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட இரவுகளுக்கு வீடு தயாராக இருப்பது நல்லதுதான்.

ஆனால் தயாராவது என்றாலே இன்னொரு பேட்டரி வாங்குவது என்று பொருளல்ல. பழைய மாதிரி சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட். இரண்டு ஃபேன் 150. எல்.இ.டி. டியூப் லைட் மூன்று 60. மொத்தம் 210 வாட். கைக்கு வரும் 1200 வாட்-மணியை இதால் வகுத்தால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இப்போது அந்த இரண்டு ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் மொத்தம் 120 வாட்தான். அதே ஒரு பேட்டரியில் 10 மணி நேரம் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்கும் பணத்தைவிட இது குறைவு. கரண்ட் இருக்கும் நாளிலும் கட்டணம் குறையும். வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை அளவாக எடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மின்சாரத்துக்கும் அதே ஒழுங்குதான்.

பாதுகாப்பு

சகோதரிகளே, வீட்டில் பேட்டரியின் அருகில் அதிக நேரம் இருப்பவர்கள் நீங்கள்தான். ஆகவே இதை நன்றாகக் கவனியுங்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். படுக்கையறையில், நோயாளி இருக்கும் அறையில், மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அதன் பக்கத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி கொளுத்த வேண்டாம்.

ஸ்பேனரால் வேலை செய்பவர் மோதிரம், கடிகாரம், உலோக வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே பழுக்கும். பேட்டரிகளைச் சீரிஸில் சேர்க்கச் சேர்க்க வோல்ட்டும் ஏறுவதால் ஆபத்து இன்னும் கூடும்.

டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர், கேன் தண்ணீர் வேண்டாம். குறைந்தது தண்ணீர்தான், ஆகவே ஆசிட் ஊற்றக் கூடாது. ஆசிட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் விற்காதீர்கள். ஈயத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் தங்கிவிடும். பழைய பேட்டரியை முறையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2022-இல் புதிய விதிகளும் வந்தன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் எழுந்த கேள்விகள்

பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி இருக்கிறது. ஒன்று மட்டும் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?"

இரண்டுமே ஒரு வருடத்துக்குள் வாங்கியவை என்றால், அதே கம்பெனி, அதே மாடல், அதே ஏஎச் கிடைத்தால் மாற்றலாம். மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் ஜோடியாக மாற்றுவதே லாபம். மிஞ்சும் நல்ல பேட்டரியை ஒற்றைப் பேட்டரி போதும் என்கிற ஒரு வீட்டுக்கோ மதரஸா வகுப்புக்கோ கொடுத்துவிடலாம். அதுவும் வீணாகாது.

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "வீட்டில் சும்மா இருக்கும் ஸ்கூட்டர் பேட்டரியையும் இதோடு சேர்த்துவிட்டால் கொஞ்சம் கூடுதலாக ஓடாதா?"

வேண்டாம். சில ஏஎச் மட்டுமே கொண்ட பேட்டரி அது. வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பலமாகத் தள்ளுவதற்காகச் செய்தது. இரவு முழுக்க மெதுவாக இழுக்கச் செய்ததல்ல. அதைச் சேர்த்தால் கிடைப்பது சில நிமிடம். இழப்பது இரண்டு பேட்டரி.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார்: "பேட்டரி நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?"

அருமையான கேள்வி. முழுக்க சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். 12.6-க்கு மேல் இருந்தால் நல்லது. 10.5 அளவில் நின்றால் ஒரு செல் செத்திருக்கலாம். அடுத்து ஹைட்ரோமீட்டரால் ஆறு வாயிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். நிறைந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் 1.24 அளவில் இருக்கும். ஐந்து வாயில் ஒரே அளவும் ஒன்றில் மட்டும் மிகக் குறைவும் காட்டினால் அந்தச் செல்தான் குற்றவாளி. ஆனால் தம்பி, மூடியைத் திறப்பதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

அவருக்கு இன்னொரு செய்தியும் சொன்னோம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடையாகக் கொடுத்ததால் நம் மாநிலத்துக்கு வந்த நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்டது. பேட்டரி பற்றி இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. நம் பிள்ளைகள் கடையில் ஒயர் இணைப்பதோடு நிற்காமல் அங்கே போய்ப் படிக்கும் நாளும் வர வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவுகள்

வீணான அந்தப் புதிய பேட்டரியின் விலையை நிர்வாகக் குழுவினர் எங்கள் சொந்தக் கையிலிருந்து பொதுநிதிக்குத் திருப்பிச் செலுத்திவிட்டோம். நன்கொடை கொடுத்தவர்கள் யாரும் எங்கள் அறியாமைக்காகக் கொடுக்கவில்லை.

இனி பேட்டரி உதவி கேட்டு விண்ணப்பம் வந்தால், முதலில் அந்த வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது, எத்தனை மணி நேரம் வேண்டும் என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்போம். இன்வெர்ட்டரின் வோல்ட்டையும் சார்ஜர் அளவையும் பார்ப்போம். பழைய பேட்டரியைச் சோதிப்போம். இரண்டு பேட்டரி தேவைப்பட்டால் ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே மாடலில் ஜோடியாக வாங்குவோம். பழையதையும் புதியதையும் ஒருநாளும் கலக்க மாட்டோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கான்சென்ட்ரேட்டர் போகும் வீட்டுக்கு நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் கூடவே போகும். மருத்துவர் சொன்ன அளவை எழுதி அதிலேயே கட்டித் தொங்கவிடுவோம். பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓர் உயிரை அதை மட்டும் நம்பி விடக் கூடாது. உங்கள் தெருவில் இப்படி மின்சாரத்தை நம்பி மூச்சு விடுபவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் விவரத்தை அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். கரண்ட் போன இரவில் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இளைஞர்கள் வந்து சேரும்வரை காத்திருக்காமல் 108-க்கும் அழைத்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் தடியை ஊன்றி எங்களிடம் வந்தார். "இத்தனை கணக்கு இருக்கிறதா இதில்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் தோளில் தட்டிச் சிரித்தார். அந்த மன்னிப்புக்குத் தகுதியானவர்களாக நாங்கள் நடந்துகொள்ள வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. நம் கையில் வந்து சேரும் ஒவ்வொரு ரூபாயையும் விவரத்தோடு செலவழிக்கும் அறிவை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.